எப்போது ஆடுகிறது?



பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு நம் அலுவலகத்துக்குக் கடிதங்கள் குவியத் தொடங்கிவிடும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்தவர்கள், கொல்லிமலையின் 70 வளைவுகளில் தோள் நோக இறங்கியவர்கள், தனுஷ்கோடியில் கடலுக்கு நடுவே வண்டியை நிறுத்திப் படம் எடுத்தவர்கள் எல்லாரும் எழுதுவார்கள். பயணக் கதை முடிந்து, 'அன்புடன்' என்று கையெழுத்தும் போட்ட பிறகு, கீழே பின்குறிப்பாக ஒரு வரி ஒட்டிக்கொண்டு வரும்: "சார், 60ல போகும்போது ஹேண்டில்பார் ஆடுது. என்ன பண்ணலாம்?"

இந்த முறை அந்தப் பின்குறிப்பு கொஞ்சம் அதிகமாகவே வந்திருக்கிறது. தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இந்த மாதப் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பயணக் கதைகள் வழக்கம்போல உள்ளே இருக்கின்றன. அவை எங்கும் ஓடிவிடாது.

கடிதங்களை அருகருகே வைத்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எதை எதை மாற்றினார்கள் என்பது எல்லாவற்றிலும் விவரமாக இருக்கிறது. முன் டயர் மாற்றியாயிற்று, கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) மாற்றியாயிற்று, ஃபோர்க் ஆயில் மாற்றியாயிற்று, ஒருவர் ஹேண்டில்பாரையே மாற்றிவிட்டார். செலவுக் கணக்கு பைசா சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதா விடும்போதா, சுமை இல்லாதபோதும் ஆடுகிறதா, எப்போதிலிருந்து ஆடுகிறது, அதற்கு முந்தின வாரம் வண்டிக்கு என்ன நடந்தது என்ற விவரம் ஏறக்குறைய எதிலும் இல்லை. மெக்கானிக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. 'ஆடுது' என்றதும் ஸ்பேனரை எடுத்திருக்கிறார்கள்.

அந்த 60 என்ற எண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏன் 60? ஏன் 30ல் ஆடுவதில்லை, 90ல் பல வண்டிகள் தாமாகவே அமைதியாகிவிடுகின்றன? தமிழ்நாட்டில் நெடும்பயணத்துக்குப் பயன்படும் பெரும்பாலான வண்டிகளின் முன் சக்கரம், டயரோடு சேர்த்து, ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நகரும். 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்கு எட்டு முறைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுகிறது. மோட்டார் சைக்கிளின் முன்பகுதி, அதாவது சக்கரம், ஃபோர்க், ஹேண்டில்பார் எல்லாம் சேர்ந்த அந்தத் தொகுதி, தட்டிவிட்டால் தானாக இடவலமாக ஆடக்கூடிய வேகமும் நொடிக்கு 6 முதல் 10 முறைக்குள்தான் இருக்கிறது. இரண்டும் பொருந்தும்போது, சக்கரத்தில் உள்ள சின்னக் குறை ஒவ்வொரு சுற்றிலும் சரியான நேரத்தில் ஒரு தட்டு தட்டுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது மாதிரி. 90ல் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் சுற்றுகிறது. தட்டு விழுகிறது, நேரம் பொருந்தவில்லை, ஆட்டம் இல்லை.

அந்தச் சின்னக் குறை எவ்வளவு சின்னது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 19 அங்குல ரிம்மின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் 30 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 2 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும், அதுவும் நொடிக்கு எட்டு முறைக்கு மேல் எல்லாத் திசையிலும் சுற்றிக்கொண்டே. காருக்கு வீல் பேலன்சிங் செய்யாமல் யாரும் கடையை விட்டு வெளியே வருவதில்லை. பைக்குக்கு, குறிப்பாக ஆரக்கம்பி வைத்த சக்கரத்துக்கு, அப்படி ஒன்று உண்டு என்பதே பல ஊர்களில் கேள்விப்படாத சமாச்சாரம்.

இந்த ஆட்டத்தைப் பற்றி யோசித்தவர்களில் ஒருவர் நமக்குக் கொஞ்சம் சொந்தக்காரர். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் பொறியாளர் வில்சன்-ஜோன்ஸ். நம் புல்லட்டின் பின்பக்க ஸ்விங் ஆர்ம் அமைப்புக்குப் பின்னால் இருந்த கைகளில் அவருடையதும் ஒன்று. இரண்டே சக்கரம் கொண்ட வாகனங்களின் ஸ்டீரிங்கும் நிலைத்தன்மையும் பற்றி அவர் 1951ல் எழுதிய கட்டுரையை இத்துறை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது வந்த நாலே வருடத்தில், 1955ல், என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. அதன் பிறகு புல்லட் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. நாம் ஓட்டிய பழைய புல்லட்டுகளில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

1971ல் ராபின் ஷார்ப் என்ற இன்னொரு ஆங்கிலேயர், மோட்டார் சைக்கிள் ஓடும்போது நிலைகுலையும் விதங்களைக் கணிதமாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, ஒரு பக்கமாக மெல்லச் சாய்வது. இரண்டாவது, 'வீவ்': வண்டி முழுவதும், பின்சக்கரம் உட்பட, பாம்பு போவது மாதிரி நொடிக்கு இரண்டு முதல் நாலு முறை நெளிவது. மூன்றாவது, நம் வாசகர்கள் எழுதும் 'வாபிள்': முன்பகுதி மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ள, உடம்பு ஏறக்குறைய நேராகப் போய்க்கொண்டிருப்பது. கடைசி இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் எந்த நட்டையும் தொடக் கூடாது என்பது என் கட்சி. கையில் மட்டும் நடுக்கம் தெரிந்தால் முன்பக்கம் தேடலாம். இடுப்பில் தெரிந்தால், சீட்டோடு சேர்ந்து வண்டி மெல்ல நெளிந்தால், தேட வேண்டியது பெரும்பாலும் பின்பக்கம். 'ஆடுது' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கி எழுதினால், படிக்கிற மெக்கானிக்கும் முன்சக்கரத்தைத்தான் கழற்றுவார்.

கையை விட்டால் ஆடுகிறது, பிடித்தால் ஆடவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது நியாயமானதுதான். உங்கள் இரண்டு கைகளும் தோளும் சேர்ந்து ஒரு டேம்பர். முன்பகுதி ஆட முயலும்போதெல்லாம் சதை அந்த ஆட்டத்தை உறிஞ்சிவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் 80லிருந்து இறங்கும்போது பாரம் முன்பக்கம் வருகிறது, ஃபோர்க் கொஞ்சம் அமுங்குகிறது, அதே நேரத்தில் வண்டி அந்த 70-50 பகுதியைக் கடக்கிறது. டேம்பரும் இல்லை என்றால் உள்ளே உறங்கிக்கொண்டிருந்த குறை வெளியே வரும். 400 கிலோவைத் தொடும் ஹோண்டா கோல்ட் விங் மாதிரியான வண்டிகளை வைத்திருக்கும் வெளிநாட்டு ரைடர்கள் பல காலமாகப் பேசிக்கொண்டிருப்பதும் வேகம் குறையும்போது வரும் இதே ஆட்டத்தைப் பற்றித்தான். 'பிடித்தால் நிற்கிறதே, விடுங்கள்' என்று சொல்லும் சர்வீஸ் சென்டர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவசரம் இல்லை என்பது சரி. காரணம் இல்லை என்பது சரியல்ல. அதற்காக நெடுஞ்சாலையில் இரண்டு கையையும் விட்டுச் சோதனை செய்யக் கிளம்பிவிடாதீர்கள். ஆள் இல்லாத நேரான சாலையில் பிடியைத் தளர்த்தி, உள்ளங்கை கிரிப்பை உரசிக்கொண்டே இருக்கும்படி வைத்தாலே போதும், ஆட்டம் இருந்தால் தெரிந்துவிடும்.

திருச்சிப் பக்கம் ஒரு மூத்த மெக்கானிக் இருக்கிறார். விளம்பரம் பிடிக்காதவர் என்பதால் பெயர் வேண்டாம். சில மாதங்களுக்கு முன் அவர் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளைஞர் வந்தார். டூரிங் வண்டி, பின்னால் பெரிய டாப் பாக்ஸ், ஹேண்டில்பாரில் பிடித்த உயரமான விண்ட்ஷீல்டு. டயரும் கோன்செட்டும் வேறு இடத்தில் மாற்றி முடித்துவிட்டு, கையில் பழைய பாகங்கள் இருந்த பையோடு வந்திருந்தார்.

"கைய விட்டா ஆடுதா, புடிச்சிருந்தாலும் ஆடுதா தம்பி?"

"லூசா புடிச்சா ஆடுதுண்ணே. 65ல இருந்து எறங்கும்போது."

"பெட்டியில என்ன இருக்கு?"

இளைஞருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பெட்டிக்கும் ஹேண்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று முகத்தில் தெரிந்தது. டூல்ஸ், ரெயின்கோட், பங்க்சர் கிட், ஒரு செயின், பூட்டு, தண்ணீர் என்று எடுத்து வெளியே வைத்தார். பெரியவர் பெட்டியையே கழற்றச் சொன்னார். "இப்ப ஒரு ரவுண்டு போய்ட்டு வா. பைபாஸ்ல போ, தெருவுல சுத்தாத." போய் வந்தவர், பாதி குறைந்திருக்கிறது என்றார். போகவில்லை, குறைந்திருக்கிறது.

பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், உயரத்தில் தொங்கும் எடை முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறது. பாரம் குறைந்த முன்சக்கரம் தரையைப் பிடித்துத் தன்னை நேராக்கிக்கொள்ளும் வலுவை இழக்கிறது. பெட்டி பிளேட்டில் கொஞ்சம் லூசாக இருந்தால் அதுவும் தன் பங்குக்குத் தனியாக ஆடும். பாக்ஸ் தயாரிப்பாளர்கள் உள்ளே ஒட்டும் எச்சரிக்கையில் எடைக்கும் வேகத்துக்கும் வரம்பு போட்டிருப்பார்கள். அதைப் படித்த ரைடரை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். ஹேண்டில்பாரில் பிடித்த விண்ட்ஷீல்டும் இந்தக் கணக்கில் வரும். அதன் எடை ஸ்டீரிங்கோடு சேர்ந்து திரும்புகிறது, காற்று அதைப் பிடித்துத் தள்ளுகிறது. ஹார்லியின் ஸ்ட்ரீட் கிளைடில் முன்முகப்பு ஹேண்டிலோடு திரும்பும், ரோடு கிளைடில் ஃப்ரேமோடு நிற்கும். ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த இரண்டு வண்டிகள். ரைடர்கள் இரண்டுக்கும் நடுவே கட்சி பிரிந்து சண்டை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியவர் அடுத்து புது டயரைப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருந்தால், கோட்டுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்த வண்டியில் வால்வுக்கு எதிர்ப்பக்கம் கோடு உள்ளே போய் மறைந்திருந்தது. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்று ஏற்றி 'டப்' என்று உட்கார வைத்தார். டயரில் இருந்த மஞ்சள் புள்ளியும் வால்வுக்கு நேராக இல்லை. டயரின் எடை குறைவான இடத்தைக் காட்டுவது அந்தப் புள்ளி, வால்வின் எடை அதற்கு ஈடுகட்டும். அதையும் திருப்பி வைத்தார். இரண்டாவது ரவுண்டு. இன்னும் குறைந்தது.

மூன்றாவதாக அவர் போனது பின்சக்கரத்துக்கு. செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இல்லை. நூல் எடுத்து, பின் டயரில் சுற்றி, முன் டயர் வரை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பின்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்த்து இறுக்கப்பட்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு காற்று. இரண்டு டயரிலும் கம்பெனி சொன்ன அளவைவிடக் குறைவு. பெட்டியை மறுபடி மாட்டி, செயினையும் பூட்டையும் மட்டும் சைடு பேக்கில் கீழே இறக்கச் சொன்னார். கடைசி ரவுண்டுக்குப் பிறகு இளைஞர் இறங்கி வந்து, கொண்டுவந்த பழைய பாகங்களைப் பார்த்தார். கோன்செட் நன்றாகவே இருந்திருக்கிறது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது, பெரியவர் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவில்லை என்பதையும், ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் வண்டியை அதே சாலையில் அதே வேகத்தில் அனுப்பினார் என்பதையும்தான். நாம் எல்லாரும் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுகிறோம். வாபிள் பெரும்பாலும் கூட்டுச் சதி. ஒவ்வொரு குறையும் தனியாக இருந்தால் வண்டி தாங்கிக்கொள்ளும். பெட்டி கொஞ்சம், டயர் கொஞ்சம், அலைன்மென்ட் கொஞ்சம், காற்று கொஞ்சம் என்று சேர்ந்து வரம்பைத் தாண்டும்போது ஹேண்டில் பேசத் தொடங்குகிறது. அதனால்தான் டயர் மாற்றியவருக்குப் போன ஆட்டம், அதே டயரை மாற்றிய அவர் நண்பருக்குப் போகவில்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

கோன்செட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்குக் கீழே கட்டை கொடுத்து முன்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்துங்கள். ஃபோர்க்கின் கீழ்முனைகளை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று தட்டினால் கோன் லூஸ். முன் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டிலுக்குக் கீழே ஒரு தட்டு கேட்பதும் இதுவேதான். பிறகு ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு விரலால் திருப்புங்கள். நடுவில், நேராக நிற்கும் இடத்தில், ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது மாதிரி இருந்தால் பால் ரேஸில் (குண்டுகள் ஓடும் வளையத்தில்) தழும்பு விழுந்துவிட்டது. அதை இறுக்கியும் பயன் இல்லை, தளர்த்தியும் பயன் இல்லை, மாற்றத்தான் வேண்டும். குழிகளில் வருடக்கணக்காக நேராகப் போய் இறங்கியதில் குண்டுகள் ஒரே இடத்தில் அடித்துப் போட்ட தழும்பு அது.

தழும்பு இல்லை, தட்டும் இல்லை என்றால், நடுவிலிருந்து மெல்லத் தட்டிவிட்ட ஹேண்டில் தன் எடையிலேயே ஒரு பக்கம் போய்ச் சேர வேண்டும். போகவில்லை என்றால், கேபிள் எதுவும் தடுக்காத பட்சத்தில், கோன் அளவுக்கு மீறி டைட். இங்கேதான் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. ஆடும் வண்டியின் கோனை நன்றாக இறுக்கிவிட்டால் ஆட்டம் அப்போதைக்கு நின்றுவிடும். உராய்வு டேம்பர் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் போவார். சில நாளில் வண்டி வேறு விதமாகப் பேசும். மெதுவாகப் போகும்போது நேர்க்கோட்டில் நிற்காது, குடித்தவர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல அலையும், ஒவ்வொரு நொடியும் திருத்திக்கொண்டே போக வேண்டும். ரேஸும் சீக்கிரம் கெடும். இறுக்கி நிறுத்திய ஆட்டத்தைச் சரிசெய்த ஆட்டமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. புதுக் கோன்செட் போட்டவர்கள் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். புது ரேஸ் இருக்கையில் அமர்ந்து கொஞ்சம் லூஸ் விடுவது இயல்பு. குண்டு பேரிங்குக்குப் பதில் டேப்பர் ரோலர் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பாரமான வண்டிகளில் நல்ல பலன் தருகிறது. உங்கள் மாடலுக்கு அளவு பொருந்துவது கிடைத்தால் போடுங்கள், ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகு.

முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே மிச்சத்தையும் பார்த்துவிடலாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்த ஒரு பென்சிலை ரிம்முக்கு அருகே வையுங்கள். இடைவெளி கூடிக் குறைவது 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் ரிம் கோட்டம் எடுக்க வேண்டும். பல வண்டிகளின் சர்வீஸ் கையேட்டில் இதுதான் வரம்பு. ஆரக்கம்பிகளை ஒரு சின்ன ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வந்தால், இறுக்கமானவை கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமான குரலில் சொல்லும். சக்கரத்தை இரண்டு ஓரத்திலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் பேரிங்கின் நிலை தெரியும். டயரின் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் வழித்து, பிறகு எதிர்த்திசையில் வழித்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் பட்டன்கள் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கின்றன. டயரில் ஆழம் மிச்சம் இருந்தாலும் அது ஆட்டம் கொடுக்கும். காற்று குறைவாக வைத்து ஓட்டியவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

வண்டி என்றாவது கீழே விழுந்ததா? ஸ்டாண்டிலிருந்து சாய்ந்ததைக் கூடக் கணக்கில் எடுங்கள். சின்ன விழுகையில் ஃபோர்க் வளையாது, ஆனால் பிடிக்கும் கிளாம்புகளுக்குள் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஹேண்டிலை நேராகப் பிடித்தால் சக்கரம் லேசாக ஒரு பக்கம் பார்க்கும். கிளாம்பு போல்ட்டுகளையும் ஆக்ஸிலையும் தளர்த்தி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, மறுபடி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பின்பக்கக்காரர்களுக்கு, அதாவது இடுப்பில் ஆட்டம் தெரிகிறவர்களுக்கு: ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிட்டதா என்றும் பாருங்கள். நான்குவழிச் சாலையில் நேராகவே ஓடும் வண்டிகளில் நடு மட்டும் தேய்ந்து டயர் பெட்டி வடிவத்துக்கு வந்துவிடும். பில்லியனோடு போகும்போது பின் ஷாக் அப்சார்பரின் பிரிலோடைக் கூட்டுவதற்குத்தான் அந்தக் கொக்கி ஸ்பேனரை டூல் கிட்டில் வைத்திருக்கிறார்கள்.

வண்டியின் மேல் பழி போட முடியாத ஆட்டங்களும் இருக்கின்றன. ஆனி, ஆடியில் முப்பந்தல் கணவாயைக் கடப்பவர்களை மேற்குக் காற்று பக்கவாட்டில் தூக்கி அடிக்கும். அத்தனை காற்றாலைகளை அங்கே வேறு எதற்கு நட்டிருக்கிறார்கள்? புதுத் தார் போடுவதற்காகச் சுரண்டிப் போட்ட சாலையில் டயரின் பட்டன்கள் நீளவாட்டுக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு தாமாகவே இழுக்கும். சாலை மாறியதும் அது போய்விட்டால் கவலை வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் திடீரென்று பெரிதாகிவிட்டால்? முதலில் கை போகும் இடம் பிரேக், போகக் கூடாத இடமும் அதுதான். பிரேக் பிடித்தால் பாரம் முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் மேல் வந்து விழும். அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை புது ரைடர்களுக்குச் சொல்லித் தருவதும் இதையே: ஹேண்டிலை உறுதியாகப் பிடியுங்கள், ஆனால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆக்ஸிலரேட்டரைப் படிப்படியாகக் குறையுங்கள். உடம்பின் எடையை முன்னே கொண்டுவாருங்கள். தொடையால் டேங்கை அணைத்துக்கொண்டால் கையின் இறுக்கம் தானாகக் குறையும். வேகம் இறங்கி ஆட்டம் அடங்கியதும் ஓரமாக நிறுத்துங்கள். நிறுத்திய இடத்திலேயே முதலில் டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். மெல்ல இறங்கும் பங்க்சர்தான் திடீர் ஆட்டத்துக்கு அடிக்கடி காரணம்.

ஸ்டீரிங் டேம்பர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டவர்களுக்கு: பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஹேண்டிலின் நடுவே ஒரு குமிழ் இருக்கும், திருகினால் உராய்வு கூடும். சைடு கார் மாட்டியவர்களுக்கு அது அவசியம். சுமை இல்லாமல் ஓடும் ஒரு சாதாரண டூரிங் வண்டிக்கு டேம்பர் தேவைப்படுகிறது என்றால், பார்க்க வேண்டியதை இன்னும் யாரோ பார்க்கவில்லை.

இனி இதைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி, மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஆடும் வேகம், ஆக்ஸிலரேட்டர் திறந்தா மூடியா, கையிலா இடுப்பிலா, சுமை எவ்வளவு, எங்கே, இரண்டு டயரிலும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்த்த காற்று, ஆட்டம் தொடங்குவதற்கு முன் கடைசியாகக் கை வைத்த வேலை என்ன. ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். இத்தனையும் எழுதி முடிக்கும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும் என்பது என் நம்பிக்கை. கிடைக்காதவர்களின் கடிதங்களைத் திருச்சிப் பெரியவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை அடுத்த இதழின் கேள்வி-பதில் பகுதியில் போடுகிறோம். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார், பெயர் போடாத பட்சத்தில்.

பாகங்களை அனுப்ப வேண்டாம். சென்ற மாதம் ஒரு வாசகர் தேய்ந்த கோன்செட்டைக் கிரீஸோடு பார்சலில் அனுப்பியிருந்தார். அதே பையில் வந்த இரண்டு கவிதைகளை இன்னும் எங்களால் படிக்க முடியவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்